மாமாவுக்குத் துடுப்பு போடத் தெரியாது

செங்கல்பட்டில் மெடிக்கல் காலேஜ் பையன்களுக்குப் பொழுது போக வேண்டுமென்றால் இரண்டே இடம்தான்: சினிமாக் கொட்டகை, கொளவாய் ஏரி. ஏரியில் சவாரிக்கென்று மூன்று படகு விட்ட வருஷம் எனக்கு ஏழு வயது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஏறிவிட்டார்கள், நான் மட்டும்தான் பாக்கி என்று வீட்டில் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அம்மா எனக்குத் தலைவாரிவிட்டுப் படகுக்கு அனுப்பியபோது, என் பிடிவாதம் ஜெயித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

விஷயம் அத்தையுடையது. அப்பாவின் தங்கை. அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்து, நர்சுக்குப் படித்து, பெரியாஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காலேஜ் லேபில் வேலை பார்த்த ஒருவருக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் மீன்பிடிக்கிற குடும்பம். அதில் படித்தவர் அவர் ஒருவர்தான். மருமகள் ராத்திரி டியூட்டிக்கெல்லாம் போக வேண்டாமே என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்ல, கல்யாணத்தோடு வேலையை விட்டுவிடுவாள் என்று அப்பா பெருந்தன்மையாக வாக்குக் கொடுத்துவிட்டார். அத்தையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிறு, மாதா கோவிலில் முதல் ஓலை. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் என்று சாமியார் பூசையில் வாசித்துவிட்டால் அப்புறம் பின்வாங்குவது பெரிய அவமானம். அதற்குள் மாப்பிள்ளையை நேரில் கேட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று அத்தை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாதான் என் படகு ஆசையைக் கொண்டுபோய் அப்பா முன்னால் வைத்தாள்: அத்தையும் மாப்பிள்ளையும் என்னைப் படகில் கூட்டிப்போகட்டுமே என்று. அரை மணி நேரம், குழந்தை நடுவில் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டு, அப்பாவும் கூடவே வந்து கரையில் நின்றுகொண்டார்.

படகு நகர்ந்ததுமே எனக்கு எரிச்சல் ஆரம்பமாயிற்று. மாப்பிள்ளை மாமா இடது துடுப்பைப் போட்டால் வலதை மறந்தார். படகு செக்குமாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றியது. ஹாஸ்டல் பையன்களின் படகு எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பியும் வந்துவிட்டது. நான் சும்மா இருப்பேனா? இந்தப் பக்கம் இழுங்கள், அந்தப் பக்கம் இழுங்கள் என்று தொண்டை வறளக் கத்தினேன். அவர் ரொம்பப் பணிவாகச் சரி டீச்சர் என்று சொல்லிவிட்டு, நேரே ஆகாயத்தாமரைக்குள் கொண்டுபோய்ச் செருகினார். கரையில் அப்பா கையை ஆட்டுவது சின்னதாகத் தெரிந்தது.

அதுவரை முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்த அத்தை, படகு நின்றபிறகு என் தலைக்கு மேலே பேசினாள்.

"நான் வேலய வுடமாட்டேன். அண்ணன் சொன்னது அண்ணனோட. ஒத்துவரலன்னா இப்பவே சொல்லிடுங்க, நாளிக்கி ஓலை வாணாம்."

அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார். "நீயே வுட்றன்னு சொன்னியாம், எங்க வூட்ல அப்டிதான் சொன்னாங்க. எனக்கே மனசு கேக்கல," என்றார். துடுப்பில் சுற்றியிருந்த தண்டை உருவிக்கொண்டே, "நைட் டியூட்டின்னா நான் சைக்கிள்ல கொண்டாந்து வுட்றேன். எங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

அத்தை சிரித்துக்கொண்டே அழுதாள். கரை சேர்வோமா மாட்டோமா என்று நான் கரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், இவர்கள் என்னடாவென்றால் டியூட்டி பேசுகிறார்கள்! வெகுநேரம் கழித்து அவர் துடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளினார். படகு விடுபட்டு நேரே கரைக்குப் போனது. நான் சொல்லிக்கொடுத்தது அப்போதுதான் மண்டையில் ஏறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இறங்கியதும் அவரே அப்பாவிடம், அவள் வேலைக்குப் போகட்டும், எனக்கு அதுதான் சந்தோஷம் என்றார். கொடுத்த வாக்கு இப்படி ஆயிற்றே என்று அப்பாவின் முகம் தொங்கிவிட்டது. அரை மணி ஒன்றரை மணி ஆன கோபம் வேறு. ஆனால் மாப்பிள்ளையே சொல்லும்போது என்ன செய்வது, சரி என்றார்.

மறுநாள் பூசைக்கு மாப்பிள்ளை வீட்டார் ஒரு பஸ் கூட்டம் வந்திருந்தார்கள். சாமியார் ஓலையை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்றார். எனக்குத் திக்கென்றது. எனக்குத் தெரியுமே! அத்தை என்றால் எனக்கு உயிர். தெரிந்ததை மறைப்பது பாவம் என்று ஞானோபதேச வகுப்பில் வேறு சொல்லியிருந்தார்கள். எழுந்து நின்றேன்.

"சாமி, அந்த மாமாவுக்குத் துடுப்பு போடத் தெரியாது. அத்தைய ஏரில கவுத்துடுவாரு."

ஆண்கள் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் அப்பா, "எம்புள்ளைக்கா? நாலு வயசுல கட்டுமரம் ஏறனவன்மா அவன்," என்றார். அவ்வளவுதான், கடற்கரைக்காரர்கள் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாமியார் ஓலையால் முகத்தை மறைத்துக்கொண்டார். அப்பா மட்டும் சிரிக்காமல் மாப்பிள்ளையைப் பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார். அத்தை முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். மெதுவாக அப்பாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. பூசை முடியும்வரை அது நிற்கவில்லை.

அம்மா தொடையில் கிள்ளி என்னை உட்கார வைத்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணால் பார்த்தவள் சொல்கிறேன், ஒருவர்கூட நம்பவில்லை. இத்தனை பெரியவர்கள் இருந்துகொண்டு இப்படி ஓர் ஆளுக்கா அத்தையைக் கொடுக்கிறார்கள் என்று ஆத்திரமாக இருந்தது. இனி என்னால் ஆவது ஒன்றுமில்லை என்று, மாமாவுக்குச் சீக்கிரம் துடுப்பு போட வந்துவிட வேண்டும் என மாதாவிடம் வேண்டிக்கொண்டேன்.