நீலச் சட்டையின் நான்கு நொடி

என் அண்ணிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஃபிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்த வேண்டும். மயிரிழை பிசகினாலும் கழற்றிவிட்டு மறுபடி பொருத்துவார். அதே கண்ணோடுதான் விடுமுறை நாளில் இணையத்தில் ஒரு ரசிகர் குழுவுக்குள் நுழைவார். பழைய நடிகை ஒருவரின் ரசிகர்கள் அவருடைய படக் காட்சிகளை வெட்டி ஒட்டி, பாட்டோடு சேர்த்து அங்கே போடுவார்கள். மற்றவர்கள் "செம" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அண்ணிக்கு அது ஆகாது.

புதிதாக வீடியோ செய்பவர் என்றால் முதலில் எது நன்றாக வந்திருக்கிறது என்று நொடிக் கணக்கோடு சொல்வார். பிறகு ஒரே ஒரு குறை. ஒன்பது குறை கண்ணில் பட்டாலும் ஒன்றுதான். "ஒம்போதையும் சொன்னா அவங்க அடுத்த வீடியோவே பண்ண மாட்டாங்கடி" என்பார். இன்னொரு கண்டிப்பும் உண்டு. தனக்கு எதைப் பார்க்க ஆசை என்று சொல்லவே கூடாது. அந்த வீடியோவுக்கு எது தேவையோ அதைத்தான் சொல்ல வேண்டும். இந்தப் பொறுமையில் கால்வாசியை வீட்டில் காட்டினால் என் அண்ணன் கொடுத்து வைத்தவன்.

போன மாதம் லிஃப்ட் பழுது பார்க்கும் ஒருவர் தன் முதல் வீடியோவைப் போட்டார். அதில் ஒரு காட்சி, மழை விட்ட தெருவில் நடிகை நடந்து வருவது. அவருக்குப் பின்னால் நீலச் சட்டைக்காரர் ஒருவர் சாலையைக் கடப்பார். அவர் அண்ணியின் தம்பி. கூட்டத்தில் ஒருவராக ஒரே ஒரு நாள் நடிக்கப் போனவர், அடுத்த வருடமே காய்ச்சலில் போய்விட்டார். அவர் நடமாடுவதைப் பார்க்க உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த நான்கு நொடிதான். அதிலும் முதுகுதான் தெரியும்.

அண்ணி எழுதினார்: "தெருக் காட்சியைச் சீக்கிரம் வெட்டிவிட்டீர்கள். இன்னும் இரண்டு நொடி விடுங்கள்."

"படத்துலயே அது நாலு நொடிதானே அண்ணி? அவரு எங்க போவாரு?" என்றேன். அண்ணி அதை அப்படியே அனுப்பிவிட்டார்.

மறுநாளே திருத்தி அனுப்பிவிட்டார் மனிதர். காட்சி ஆறு நொடி இருந்தது. தம்பி எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறி, அங்கேயே நின்றுவிட்டார். அண்ணி உடனே லிஃப்ட்காரருக்கு போன் போட்டார்.

"அந்த ரெண்டு நொடி எங்கேருந்து கிடைச்சது?"

"காட்சியோட ஓரத்தைப் பிடிச்சு இழுத்தேன் மேடம், வந்துச்சு. தப்பா?"

வீடியோ வெட்டும் செயலியில் ஓரத்தை இழுத்தால் காட்சி நீளும், ஆனால் மூலப் படத்தில் இருக்கும் அளவுக்குத்தான். வீடியோ வேலைக்குப் புதியவரான அவருக்கு அது தெரியாது. அண்ணிக்குத் தெரியும். தெரிந்தே, "இன்னும் ரெண்டு நொடி இழுங்க" என்றார்.

இந்த முறை தம்பி திரும்பினார். புருவத்துத் தழும்புகூடத் தெரிந்தது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நடிகை எப்போதோ நடந்து போய்விட்டார். நடிகையே இல்லாத காட்சி ரசிகர் வீடியோவில் எதற்கு? வேறு யார் செய்திருந்தாலும் அண்ணி முதல் குறையாக அதைத்தான் சொல்லியிருப்பார்.

"போதும் அண்ணி. வெட்டச் சொல்லுங்க."

"முகம் மங்கலா இருக்குடி. கொஞ்சம் கிட்ட வந்தான்னா..."

"அது வீடியோவுக்குத் தேவையா, உங்களுக்குத் தேவையா?"

அண்ணி "இன்னும் நான்கு நொடி" என்று எழுதி அனுப்பினார்.

அது வந்தபோது ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜன்னலெல்லாம் வெயில். தம்பி சாலையில் இறங்கி நேராக எங்களை நோக்கி நடந்து வந்தார். வர வர முகம் தெளிந்தது. பாட்டுதான் கேட்டது, ஆனால் உதடு "அக்கா" என்றது. நீலச் சட்டை திரை முழுக்க நிறைந்து, பக்கவாட்டில் விலகிப் போனது. பிறகு ஈரத் தெரு மட்டும்.

அண்ணி அவசர அவசரமாக லிஃப்ட்காரரின் முதல் வீடியோவைத் திறந்தார். நடிகை நடந்து வந்தார், பின்னால் ஆளில்லை. வீட்டில் வைத்திருந்த படத்தைப் போட்டோம். நூறு தடவை பார்த்த இடம். அங்கேயும் ஆளில்லை. லிஃப்ட்காரருக்கு போன் போட்டோம்.

"எவ்வளவு இழுத்தாலும் இப்ப தெருதான் மேடம் வருது. அவரு போயிட்டாரு."

அண்ணி போனை மடியில் வைத்தார். நான் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன், எங்காவது ஒரு நீல ஓரமாவது தெரியாதா என்று. அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நாலு நொடி எங்கிட்ட இருந்தான்டி. நான்தான் போதாதுன்னேன்."