அறுப்பு முடியட்டும்

ஒரு தாயின் பிணம் வாய்க்காலில் போனதற்கு நான் காரணம். ஊராட்சிக் கூட்டத்தில் நான் சொன்ன யோசனை அது. யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதனால்தான் நானே எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க் காலனிக்கும் அவர்களுடைய சுடுகாட்டுக்கும் நடுவே என் வயலும் என் பங்காளி வயலும் கிடந்தன. வரப்பில் பிணம் போகக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. பாடையைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கித்தான் அவர்கள் போவார்கள்.

காலனி உறுப்பினர் எங்கள் வயல்களில் நடவு, அறுப்பு செய்தவர். கூட்டத்தில் எழுந்து கேட்டார். "வரப்ப ஒட்டி ஓரமா ஒரு பாதை விடுங்கய்யா. செத்தவங்களயாவது நனையாம கொண்டு போறோம்."

"செத்தவனுக்குச் சளியா புடிக்கப் போவுது?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். கேட்டவரும் மரியாதைக்குச் சிரித்தார்.

முந்தின வருஷம்தான் கூலிப் போராட்டத்தில் எங்கள் களத்தில் செங்கொடி நட்டிருந்தார்கள். இன்று பாதை கேட்பவர்கள் நாளை வயலையே கேட்பார்கள் என்று பயந்தோம். ஆனால் முடியாது என்றும் சொல்ல முடியாது. தலைவர் ஆளுங்கட்சிக்காரர், அவருக்குக் காலனி ஓட்டு வேண்டும். அந்தக் கூட்டத்தில் கல்லூரி வரை படித்தவன் நான் ஒருவன்தான். எழுந்தேன்.

"பாதை நியாயந்தான். இப்ப பயிர் நிக்குது. அறுப்பு முடியட்டும், அளந்து விட்டுடலாம்."

தீர்மானம் நிறைவேறியது. குறுவை அறுத்த கையோடு தாளடி நடுவோம். தாளடி அறுக்கும் முன்பே ஈரத்தில் உளுந்து தெளித்துவிடுவோம். உளுந்து எடுத்ததும் நாற்றங்கால். எங்கள் வயல் சும்மா கிடப்பதில்லை என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் எழுவார். "இப்ப வயல்ல என்னய்யா நிக்குது?" என்று கேட்பேன். பயிரின் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

ஐப்பசி அடைமழையில் அவருடைய அம்மா இறந்தார். வாய்க்காலில் மார்பளவு தண்ணீர். தூக்கியவர்களில் ஒருவருக்குக் கால் வழுக்கிப் பாடை கவிழ்ந்தது. பிணத்தைத் தண்ணீர் இழுத்துப் போய் மதகுப் பலகையில் அடைத்தது. அவர் நீந்திப் போய்த் தன் அம்மாவைப் பலகையிலிருந்து பிரித்தெடுத்தார். வரப்பில் குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு வந்தார். கையெழுத்துப் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கோடையில், நின்ற உளுந்தை உழுதுவிட்டு, என் வயலின் ஓரத்தை ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்தேன். மண் அடித்துப் பாதை போட்டார்கள். என் எல்லையோடு அது நின்றது. பங்காளி கோர்ட்டில் தடை வாங்கிவிட்டான்.

"நீ படிச்சவன், ஊருக்கு நல்லவனாயிட்டே. நாங்க கெட்டவங்களாவே இருந்துட்டுப் போறோம்ணே" என்றான். அதன் பிறகு என் வீட்டுப் படி ஏறவில்லை. அவன் போய்ச் சேர்ந்த பிறகும் வழக்கை அவன் பிள்ளைகள் நடத்துகிறார்கள்.

உறுப்பினரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பாதி தூரம் நனையாம போறோங்க. அங்க நின்னு தண்ணிக்குள்ள எறங்கறதுதான் செரமமா இருக்கு" என்றார்.

போன கார்த்திகையில் அவரும் இறந்தார். பாடைக்குப் பின்னால் நடந்தேன். என் வயல் முடிந்த இடத்தில் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வாய்க்காலில் இறங்கினார்கள். நானும் செருப்பைக் கழற்றினேன். அவருடைய மகன் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க வர வேணாங்க. தண்ணி இழுக்குது."

நின்றுவிட்டேன்.