பதிவேட்டில் முதல் சிவப்புக் கோடு

இந்த நாட்டில் உள்ள நாய்கள் அத்தனையும் என் நாத்தனாரைக் கண்டால் எழுந்து நின்று, தாத்தா பெயரையும் பாட்டி பெயரையும் ஒப்பித்துவிட்டுத்தான் உட்காரும். சரி, அத்தனையும் என்பது கொஞ்சம் அதிகம். வேறு இன நாய்களைக் கழித்துவிடலாம். எங்கள் இனத்திலும் சங்கத்தில் பதியாதவற்றைக் கழித்துவிடலாம். அவள் கெண்டைக்காலைப் பதம் பார்த்த ஒன்றையும் கழித்தால் மிச்சம் ஆயிரத்துச் சொச்சம் தேறும். அவற்றுக்குப் பேச்சு வராது என்பதால் ஒப்பிக்கிற வேலையை அவளே செய்துவிடுகிறாள். அந்த மட்டில் நான் சொன்னது பொய்யில்லை.

அவள் என் கணவரின் தங்கை. பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் வேலை. மற்ற நேரமெல்லாம் எங்கள் தேசிய நாய் இனச் சங்கத்தின் பதிவாளர். முப்பத்தொரு வருடமாக அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. உட்காரச் சொன்னால் ஓடிவிடுவார்கள்.

சங்கத்து நாயைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீண்ட மூஞ்சி, மடிந்த காது, தொடையில் மட்டும் சுருள் முடி. கறுப்பு, சாம்பல் என்று இரண்டே நிறம். நடந்தால் ஏதோ வழக்கில் ஜெயித்துவிட்டு வருவதைப் போல் நடக்கும். இந்த நாய்க்கு நாடு முழுவதும் சேர்த்து ஒரே ஒரு வம்சப் பதிவேடு. அது என் நாத்தனார் வீட்டு முன்னறையில், இரும்பு அலமாரியில், ஒன்பது தடிப் புத்தகங்களாக இருக்கிறது. எந்த ஊரில் குட்டி போட்டாலும், ஏழாவது வாரம் முடிவதற்குள் பதிவாளர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. இவள் லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போவாள். பையில் ஒரு சாப்பாட்டு டப்பா. திறந்தால் உள்ளே சாப்பாடு இருக்காது, மைப்பஞ்சு இருக்கும். நாய்க்கு மூக்கில் ரேகை உண்டு, நமக்குக் கட்டைவிரலில் இருப்பது போல. ஒவ்வொரு குட்டியின் மூக்கிலும் மை தொட்டு அட்டையில் ஒற்றி எடுப்பாள். குட்டி தும்மும். அவள் முகத்தில் நீலப் பொட்டுகள் விழும். அப்படியே பஸ் ஏறித் திரும்பி வருவாள். கூட வருகிறவர்கள் அம்மை போட்டிருக்கிறதென்று நினைத்து இடம் விட்டு உட்காருவார்களாம். அவளுக்கு அது வசதி.

அவள் ஞாபகசக்தியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும். ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கிறாள். போன் வந்தது. முன்பின் தெரியாத ஆள், தன் வீட்டுப் பெட்டைக்கு இன்னார் வீட்டு ஆண் நாயைச் சேர்க்கலாமா என்று கேட்கிறார். வாயில் நுரையோடு இவள் சொன்னாள்: “வேணாங்க. ரெண்டுக்கும் கொள்ளுத்தாத்தா ஒண்ணுதான். ஏழாம் புத்தகம், நூத்தி எட்டாம் பக்கம், கீழேருந்து மூணாவது வரி.” நான் போய்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். கீழேயிருந்து மூன்றாவது வரிதான்.

“நாயோட கொள்ளுத்தாத்தா ஞாபகம் இருக்கு, அண்ணன் பொறந்த நாள் ஞாபகம் இல்ல,” என்றார் என் கணவர்.

“நீ பொறந்தப்ப நான் நேர்ல வந்து பாக்கலியே, எப்படி எழுதறது?” என்றாள்.

அதுதான் அவள். கண்ணால் பார்க்காததை எழுத மாட்டாள். எழுதியதை அழிக்கவும் மாட்டாள். பதிவேட்டில் தப்பு கண்டால் ஒரே ஒரு சிவப்புக் கோடு போட வேண்டும், அடியில் இருக்கும் தப்பு வாசிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் வேண்டும் என்று விதி. அவள் ஒன்பது புத்தகத்திலும் சிவப்பே கிடையாது. வாங்கி வைத்த சிவப்பு மைப் புட்டி மூடி திறக்காமலே காய்ந்து போயிருந்தது. இன்னொரு விதியும் உண்டு: பொதுக்கூட்டத்தில் பதிவாளருக்கு ஓட்டுக் கிடையாது. எந்தப் பக்கமும் சாயக் கூடாதாம். எல்லோரும் கை தூக்கும்போது இவள் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

போன வருடம்தான் வினை வந்தது. ஐந்தாறு வீடுகளில் நாய்கள் நான்கு வயதிலேயே கண் மங்கி, நாற்காலியில் முட்டிக்கொண்டன. சங்கத்துக்கு ஆலோசகராக இருக்கும் கால்நடை டாக்டரம்மா, இது வம்சத்தில் வருகிற குறை, சோதித்துப் பார்க்க இன்னும் வழி வரவில்லை, பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு போய் மூலத்தைத் தேடுவதுதான் வழி என்றார். நாத்தனார் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேடினாள். குருடான நாய்கள் எல்லாம், தாய் வழியிலும் தகப்பன் வழியிலும், ஒரே நாயிடம் போய் நின்றன. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் பிறந்த கரியன்.

கரியன் பஸ்காரர் வீட்டு நாய். பஸ்காரர் என்றால் வெளியூர் பஸ் ஓட்டுகிறவர். வீட்டில் இருப்பதை விட ஸ்டியரிங்கில் இருப்பது அதிகம். அவர் வாழ்நாளில் பெரிதாகச் சொல்லிக்கொள்ள இருந்தது கரியன் ஒன்றுதான். அவன் மூன்று தடவை தேசியக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கினான். அதனால்தான் ஊரெல்லாம் அவன் வாரிசு. இப்போது அவரிடம் இருப்பது மிளகு என்று ஒரே ஒரு சாம்பல் பெட்டை. அது கரியனின் வாரிசு இல்லை. கரியனோடு ஒரே ஈற்றில் பிறந்ததாகப் பதிவாகியிருந்த ஒரு தங்கையின் வழி.

செயற்குழு ஒரு தீர்மானம் எழுதியது: கரியனின் வாரிசுகளுக்கும், அவனோடு ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளின் வாரிசுகளுக்கும் இனி இனவிருத்தி அனுமதிச் சீட்டு கிடையாது. பொதுக்கூட்டம் கை தூக்கிவிட்டால் மிளகோடு பஸ்காரர் வீட்டு வம்சம் முடிந்தது. அவர் யாரிடமும் போய் முறையிடவில்லை. கூட்டத்தன்று மிளகைக் குளிப்பாட்டி அழைத்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

கண்காட்சி நடந்த அரங்கத்திலேயே கூட்டம். மேடையில் தலைவர். மரக்கடை முதலாளி, எதையும் இரண்டே இழுப்பில் அறுத்துப் போடுகிற சுபாவம். அவர் பக்கத்தில் அன்று காலை முதல் பரிசு வாங்கிய கறுப்பு நாய், மெடலோடு, காலை நீட்டிப் படுத்திருந்தது. அது என் நாத்தனார் வீட்டு மாப்பிள்ளை. பெயரே அதுதான், நாலு தடவை கூப்பிட்டு உபசரித்தால்தான் சாப்பிடுவான், அதனால் வந்த பெயர். அவனுக்கு இரண்டு இடத்திலிருந்து ஜோடி கேட்டு அனுமதிச் சீட்டு தயாராக இருந்தது. குழந்தை குட்டி இல்லாத வீட்டில் அந்த வம்சம்தான் அவளுக்கு எல்லாம். ஐந்து தலைமுறையாக அவள் மடியிலேயே பிறந்து வளர்ந்த வம்சம்.

தீர்மானத்துக்கு முன் டாக்டரம்மா அரை மணி நேரம் பேசினார். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். கண் குறை எப்படி மறைந்து மறைந்து வருகிறது என்பதைப் புரியவைக்க, நிறத்தை உதாரணம் சொன்னார்: “சாம்பல் நிறமும் இப்படித்தான். கறுப்புக்கும் கறுப்புக்கும் சாம்பல் குட்டி பிறக்கலாம். ஆனா ரெண்டு சாம்பலுக்குக் கறுப்புக் குட்டி பிறக்கவே பிறக்காது. ஒரு தடவை கூட நடக்காது.”

பக்கத்தில் இருந்த நாத்தனாரின் முழங்கை என் விலாவில் இடித்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் கண் எங்கேயோ இருந்தது. ஆயிரத்துச் சொச்சம் நாய்கள் அந்தத் தலைக்குள் வரிசையாக நடந்து போவதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன் என்றுதான் சொல்வேன். ஒரு நாய் நின்றுவிட்டது. சடாரென்று எழுந்தாள்.

“தலைவரே, தீர்மானத்துக்கு முன்னாடி ஒரு பதிவேட்டுத் திருத்தம்.”

“இப்ப என்னம்மா திருத்தம்? நேரமாகுது.”

“ஆகட்டுங்க. நாலாம் புத்தகம், அறுபத்தொண்ணாம் பக்கம். கரியன், நிறம் கறுப்பு. தாய் சாம்பல். தகப்பன் சாம்பல். எழுதினது நான்.”

கொட்டாவிகள் பாதியில் நின்றன. தலைவர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா மெதுவாகத் தலையை ஆட்டினார்.

“அப்ப வேற எந்த நாயாவது சுவர் ஏறிக் குதிச்சிருக்கும்,” என்றார் தலைவர். “பஸ்காரர் ஊருல இருந்தாதானே காவல் இருக்க.”

நாலு பேர் சிரித்தார்கள். பஸ்காரர் தரையைப் பார்த்தார்.

“சுவர் ஏறிக் குதிக்கலீங்க,” என்றாள் நாத்தனார். “தப்பு நடந்தது என் வீட்டுக் கூடையில.”

பிறகு சொன்னாள். பஸ்காரரின் பெட்டை மூன்று குட்டி போட்டுவிட்டுச் செத்துப் போனது. அவர் வண்டியில் இருந்தார். அவர் மனைவி ஈரம் காயாத குட்டிகளைத் துண்டில் சுற்றி இவள் வீட்டுக்கு ஓடிவந்தார். இவள் வீட்டுப் பெட்டை அம்மணி, மாப்பிள்ளை வம்சத்தின் மூத்தவள், அன்றைக்குத்தான் நாலு போட்டிருந்தது. ஏழையும் அம்மணி மடியில் விட்டாள். தன் குட்டிகள் கழுத்தில் சிவப்பு நூல், பஸ்காரர் குட்டிகளுக்கு வெள்ளை நூல். ஆனால் கட்டியது மறுநாள், கண்ணாடிக் கடைக்குக் கிளம்புகிற அவசரத்தில். அதற்குள் அம்மணி ஏழையும் நக்கி நக்கி ஒன்றாக்கிவிட்டது. ஒரு கறுப்புக் குட்டிக்கு வெள்ளை நூல் விழுந்தது. ஏதோ தாத்தாவின் நிறம் வந்திருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அந்த நாளில் நிறக் கணக்கு யாருக்குத் தெரியும்? பதிலுக்குச் சிவப்பு நூல் கட்டிக்கொண்ட ஒரே சாம்பல் குட்டி ஒரு வீட்டுக் காவலுக்குப் போய், வாரிசில்லாமல் வயதாகிச் செத்தது.

“இதுக்கு ஆதாரம்?” தலைவர் குரல் இறங்கியிருந்தது. அவருக்கு இவள் மேல் மரியாதை உண்டு. “நீங்களா ஏன் தலையைக் குடுக்கறீங்க? யாரு கேட்டா?”

“அடையாளப் பத்தியில நானே எழுதியிருக்கேன். கரியன், இடது பின்காலில் கூடுதல் நகம். அம்மணிக்கும் அதே கால், அதே நகம். பஸ்காரர் வீட்டுல எந்த நாய்க்கும் கிடையாது.” கையை மேடைப் பக்கம் நீட்டினாள். “அவனுக்கும் இருக்கு. பாருங்க.”

மேடையில் மாப்பிள்ளை இடது பின்காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான். அரங்கம் முழுவதும் எழுந்து எட்டிப் பார்த்தது. குதிகாலுக்கு மேல், அவரைவிதை அளவில், கூடுதலாக ஒரு நகம். அந்த நகம் சொன்னது ஒன்றுதான்: கரியனோடு ஒரே ஈற்றில் பிறந்தவை அம்மணியின் குட்டிகள். தடை விழ வேண்டியது மிளகின் மேல் இல்லை, அந்த ஈற்றின் வழி வந்த மாப்பிள்ளையின் மேல்.

கடைசி வரிசையிலிருந்து பஸ்காரர் எழுந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். “அக்கா,” என்றார், “அப்ப கரியன் எங்க வீட்டுப் பிள்ளை இல்லியா?”

இதற்குத்தான் அவளும் பயந்திருப்பாள்.

“பொறந்தது எங்க வீட்டுல தம்பி. வளந்தது, ஜெயிச்சது, கண்ணை மூடினது எல்லாம் உங்க வீட்டுலதான். அதை எழுத என் புத்தகத்துல பத்தி கிடையாது. இருந்தா மொதல்ல அதைத்தான் எழுதியிருப்பேன்.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இத்தனை வருஷமா என் பொண்டாட்டி சொல்லிக்கிட்டே இருந்தா, இவன் உங்களை மாதிரி இல்ல, நேரத்துக்கு வீட்டுக்கு வர்றான்னு,” என்றார். இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

நாலாம் புத்தகத்தை அலமாரியிலிருந்து கொண்டு வந்திருந்தாள். கூட்டத்துக்கு எப்போதும் ஒன்பதையும் தூக்கி வருவாள். சிவப்பு மை இல்லை. காலையில் கண்காட்சிக்கு வந்திருந்த நடுவரின் சிவப்புப் பேனாவை வாங்கி, முப்பத்தொரு வருடத்தில் முதல் கோட்டைப் போட்டாள். அடிக்கோல் வைத்துத்தான் போட்டாள். தேதி, கையெழுத்து. பிறகு மாப்பிள்ளையின் இரண்டு அனுமதிச் சீட்டுகளையும் பையிலிருந்து எடுத்துத் தலைவர் முன்னால் வைத்தாள். தீர்மானம் திருத்தத்தோடு நிறைவேறியது. அத்தனை கைகளும் மேலே போனபோது அவள் கைகள் வழக்கம் போலத் தொடைக்கு அடியில் இருந்தன.

பதிவாளர் வேலையையும் விட்டுவிடுகிறேன் என்று அங்கேயே ஒரு கடிதம் எழுதி நீட்டினாள். தலைவர் வாங்கிப் படித்தார். “இதுல தேதி தப்பாப் போட்டிருக்கீங்க, செல்லாது,” என்று மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தேதி சரியாகத்தான் இருந்தது, நான் பார்த்தேன்.

எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன், பாதியை நானே கதை கட்டிப் பெரிதாக்கியிருக்கிறேன். இவள் எனக்கு அந்த வேலையே வைக்கவில்லை. தன் வீட்டு வம்சத்தைத் தன் வாயாலேயே முடிக்கிறோம் என்று தெரிந்தும், ஒரு நொடி யோசிக்காமல், டாக்டரம்மா வாயை மூடுவதற்குள் எழுந்து நின்றாளே, அதை நினைத்து இன்றும் அசந்து போகிறேன்.

இதுவரை எழுதியதை இன்று காலை அவளிடமே படிக்கக் கொடுத்தேன். மாப்பிள்ளை அவள் காலடியில் படுத்திருந்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசி வரை படித்தாள். கெண்டைக்கால் விஷயத்துக்குக் கூட ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கடைசி இடத்தில் மட்டும் விரலை வைத்தாள்.

“அண்ணி, இது தப்பு. டாக்டரம்மா பேசி முடிச்சு இருபது நிமிஷம் டீக்கு விட்டாங்க. நீங்க பிஸ்கட் எடுக்கப் போயிட்டீங்க. நான் குழாயடியில போய் நின்னு, இதைச் சொல்லவே வேணாம்னு முடிவு பண்ணிட்டுத்தான் திரும்பி வந்து உக்காந்தேன். அதையும் எழுதிடுங்க.”