கண்ணாடிக்காவின் கைப்பூட்டு

கடைக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது இரண்டு பாதங்கள்தான். சுவரோரம் சாய்த்து வைத்த சட்டங்களுக்கும் அட்டைக் கட்டுகளுக்கும் நடுவே, தரையில் மல்லாந்து கிடக்கிறார் கண்ணாடிக்கா. ஓர் ஆள் பருமனுள்ள, கண்ணாடி பொதியும் பபிள் ஷீட் சுருளை நெஞ்சோடு அணைத்திருக்கிறார். ஒரு கால் சுருளின் இடுப்பில் குறுக்கே கிடக்கிறது. இன்னொரு கால் அந்தரத்தில் நின்று யோசிக்கிறது. வந்தவர் தொண்டையைச் செருமுகிறார்.

"ஒரு நிமிஷம் சார், இதை மட்டும் முடிச்சிடுறேன்."

கால் சுழன்று சுருளின் தலைமாட்டைத் தாண்டி விழுகிறது. இடுப்பு எழும்புகிறது. படபடவென்று நாலைந்து குமிழிகள் வெடிக்கின்றன. பிறகு எழுந்து, சேலைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு, எதுவுமே நடக்காதது போலக் கேட்கிறார்: "என்ன சைஸ் படம்? கண்ணாடி போட்டா, போடாமலா?"

படங்களுக்குச் சட்டம் போடும் கடை அது. அங்கே கண்ணாடி வெட்டுவதால் கண்ணாடிக்கா. நாற்பத்தாறு வயது, குள்ளம், அகலமான தோள், பேச்சில் எப்போதும் ஓர் அவசரம். சில வருடங்களுக்கு முன்பு பெரிய கண்ணாடி ஒன்றைத் தூக்கும்போது அது கையிலேயே விரிந்து உடைந்து, வலது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. தையல் ஆறியது, உள்ளே அறுபட்ட நரம்பு ஆறவில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் அதன் பிறகு மடங்கவே இல்லை. எதைப் பிடித்தாலும் அவை இரண்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். "டீ சொல்லக் கையத் தூக்கினா போதும், ரெண்டு டீ வந்துடும். வேணாம்னு சொல்லவா முடியும்? குடிச்சிடுவேன்."

விரல்களைப் பற்றி அவருக்கு வருத்தமில்லை. மற்றவர்கள்தான் அவரைப் பாடாய்ப் படுத்தினார்கள். முதலாளி நல்ல மனதோடு அவரைக் கண்ணாடி மேசையிலிருந்து எடுத்து பில் போடும் இடத்தில் உட்கார வைத்தார். வீட்டில் நாத்தனார் குக்கர் மூடியைப் பிடுங்கினார். தெருவில் முன்பின் தெரியாதவர்கள் பையைப் பிடுங்கினார்கள். "விடுங்கக்கா, நான் எடுக்குறேன்" என்கிற வார்த்தையைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "கை இருக்குறவளுக்குக் கை இல்லாத மாதிரி ஆக்கிட்டாங்க."

எங்கள் பயிற்சிக்கூடத்துக்கு முதலில் வந்தது அவருடைய மகள். பழைய கிடங்கு ஒன்றின் மாடியில் நீல மெத்தைகளைப் பரப்பி, பிரேசிலிய ஜுஜிட்சு சொல்லித்தரும் இடம். அடி, உதை எதுவும் கிடையாது. கட்டிப்பிடித்து உருண்டு, எதிராளியின் கழுத்தையோ மூட்டையோ பூட்டிவிட வேண்டும். பூட்டு விழுந்தவர் கையால் இரண்டு தட்டு தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும், ஆட்டம் முடிந்தது. மகளுக்கு வியர்வை நாற்றம் ஒத்துவரவில்லை, நின்றுவிட்டாள். அவளைக் கூட்டிப்போக வந்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா நிற்கவில்லை. பயிற்சியாளரிடம் போய்க் கையை நீட்டினார்.

"தம்பி, இந்த விரல் மடங்காது. இத வச்சிக்கிட்டு இதக் கத்துக்க முடியுமா?"

பயிற்சியாளர் அவரைவிடப் பத்து வயது இளையவர். அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெரியலையேக்கா. செஞ்சி பாத்தாதான் தெரியும்."

அந்தப் பதிலுக்காகத்தான் சேர்ந்தேன் என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். "முடியும், தாராளமா வாங்கன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே வீட்டுக்குப் போயிருப்பேன். அது பாவம் பாத்து சொல்ற பேச்சு."

எனக்கும் அவருக்கும் ஜோடி அமைந்தது எடைக் கணக்கில்தான். நான் பத்திரிகையில் பிழை திருத்துகிறவள். உயரம், ஒல்லி, கைகள் கொஞ்சம் அளவுக்கு மீறிய நீளம். முதல் நாளே எனக்கு "நீட்டுக்கை" என்று பெயர் வைத்துவிட்டார். அந்தக் கைகளுக்கு என்ன வரப்போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

எதிராளியின் முதுகுப் பக்கம் போய் ஒட்டிக்கொள்வதில் அவர் கெட்டிக்காரர். பின்னால் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் என் தொடைகளுக்குள் கொக்கி போல மாட்டி, ஒரு கையைத் தோளுக்கு மேலும் இன்னொன்றை அக்குளுக்குக் கீழும் கொண்டுவந்து நெஞ்சில் கோத்துவிட்டால், வேதாளம் ஏறின மாதிரிதான். உதறினாலும் போகாது. ஆனால் அங்கிருந்து ஜெயிக்க, எதிராளியின் தடித்த உடுப்பின் காலரைப் பிடித்து இழுத்துக் கழுத்தை இறுக்க வேண்டும். அங்கேதான் வலது கை கைவிட்டது. காலர் அந்த இரண்டு விரல்களின் வழியாக நழுவி நழுவிப் போகும். நானும் கழுத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு, மணி அடிக்கும் வரை நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன்.

இப்படிப் பல வாரங்கள். ஒருநாள் என் முதுகில் இருந்தபடியே இழுப்பதை நிறுத்திவிட்டார். மூச்சுதான் காதில் கேட்டது.

"தம்பி, இங்க வாங்க. இவங்க கழுத்தக் காப்பாத்த ரெண்டு கையையும் மேல கொண்டு வந்துடுறாங்க. அப்ப கை என் கண்ணு முன்னாடி சும்மாதான கெடக்கு? கழுத்து எதுக்கு? கைய எடுத்துக்கிட்டா என்ன?"

பயிற்சியாளர் சிரித்துவிட்டார். "அதுக்குப் பேருதான்க்கா ஆர்ம்பார், கைப்பூட்டு."

அன்றிலிருந்து என் கைகளுக்கு ஓய்வு போயிற்று. முதுகிலிருந்து கையைப் பூட்டுவது பார்க்க எளிது; செய்யும்போது உடம்பு நாலாகப் பிரிந்து நாலு வேலை செய்ய வேண்டும். அக்குளுக்குக் கீழே வந்த கையால் எதிராளியின் கையை நெஞ்சோடு சிறை பிடிக்க வேண்டும். இடுப்பைப் பக்கவாட்டில் நகர்த்தி அவருக்குக் குறுக்கே வர வேண்டும். தலையைத் தள்ளிவிட்டு, அந்த இடைவெளியில் காலை முகத்துக்கு மேலாகப் போட வேண்டும். முழங்கால்களை நெருக்கி, பின்னால் சாய்ந்து, இடுப்பைத் தூக்கினால் எதிராளியின் முழங்கை திரும்பக்கூடாத பக்கம் திரும்பத் தொடங்கும். இதில் விரல்களுக்கு வேலையே இல்லை. முழங்கை மடிப்பில் கையை வாரி அணைத்துக்கொண்டால் போதும். "குழந்தையத் தூக்குற மாதிரிதான். குழந்தைய யாராவது விரலாலயா தூக்குவாங்க?"

வீட்டில் அவருக்குப் பயிற்சிப் பொம்மை கணவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், சாயங்காலம் தரையில் கால் நீட்டிச் செய்தி பார்ப்பார். ஒருநாள் நான் போயிருந்தபோது கண்ணாரப் பார்த்தேன்.

"இன்னிக்கு எந்தக் கை?"

"இடது."

"இடதுல ரிமோட் இருக்கே."

"மாத்திக்குங்க."

மாற்றிக்கொண்டார். மனைவி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதும், சாய்த்ததும், கால் முகத்தின் மேல் வந்து விழுந்ததும் அவரைப் பாதிக்கவில்லை; கால் மறைத்த திரையை எட்டிப் பார்த்தார். வலித்ததும் மனைவியின் தொடையில் இரண்டு தட்டு. பிறகு என்னிடம் திரும்பி, "கல்யாணம் ஆன நாள்லருந்து தட்டிக்கிட்டுதான் இருக்கேன். இப்பதான் தட்டினா விடணும்னு ஒரு சட்டம் வந்திருக்கு," என்றார்.

அந்த நாட்களில்தான் ஒரு காலை, யாரையும் கேட்காமல், பில் மேசையை விட்டு எழுந்து கண்ணாடி மேசைக்குப் போய் நின்றுகொண்டார் கண்ணாடிக்கா. முதலாளி வந்து பார்த்தபோது வைரமுனைக் கத்தி மூன்று விரல்களுக்கு நடுவே இருந்தது, கோடு நேராக விழுந்திருந்தது. முதலாளி போய்த் தானே பில் மேசையில் உட்கார்ந்துகொண்டார்.

போட்டி ஒன்று வந்தது. அவருடைய வயதுக்கும் எடைக்கும் ஆள் அதிகமில்லை. எதிரே நின்றது கூரியர் வண்டி ஓட்டும் ஒரு பெண். இளையவள், சுமை தூக்கித் தூக்கி உரமேறிய கைகள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே கண்ணாடிக்கா முதுகில் ஏறிவிட்டார். நாங்கள் கத்தினோம். கை சிக்கியது, கால் முகத்தைத் தாண்டியது, விருட்டென்று பின்னால் சாய்ந்தார். அந்தப் பெண்ணின் கை முழு நீளத்துக்கும் நேராகிவிட்டது. எங்கள் கணக்கில் ஆட்டம் முடிந்தது.

அவள் தட்டவில்லை.

பல்லைக் கடித்தாள், முகம் சிவந்தது, கால்களை உதைத்தாள். தட்டவில்லை. கண்ணாடிக்காவின் முகம் மாறியதை நான் ஓரத்திலிருந்து பார்த்தேன். இடுப்பு எழுந்தது, நின்றது, தாழ்ந்தது. பிடி தளர்ந்தது. அவ்வளவுதான். அந்தப் பெண் கையை உருவிக்கொண்டு மேலே ஏறி, கடைசி வரை அங்கேயே அழுத்தி உட்கார்ந்து, புள்ளிகளில் ஜெயித்துவிட்டாள்.

"ஏன்க்கா விட்டீங்க?" பயிற்சியாளருக்குத் தாங்கவில்லை. "தட்ட வேண்டியது அவங்க பொறுப்பு. நடுவர் இருக்காரு."

"கருக்குனு ஒரு சத்தம் வந்துச்சு தம்பி. கண்ணாடி விரியுறதுக்கு முன்னாடி அப்படித்தான் வரும். அது வண்டி ஓட்டுற கை."

எல்லோரும் அவரைத் தட்டிக்கொடுத்தார்கள். பெரிய மனசு என்றார்கள். திரும்பி வரும் வழியில், பேருந்தில், ஜன்னலைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்:

"மனசும் இல்ல, மண்ணும் இல்ல. பாதிதான் அது. மீதி என்ன தெரியுமா? எனக்கு மெதுவாப் பிடிக்கத் தெரியல. கை நழுவிடுமோன்னு பயந்து பயந்து, எல்லாத்தையும் ஒரே வெட்டா இழுக்குறேன். இழுத்தா ஒண்ணு ஒடையும், இல்ல விடணும். நடுவுல நிக்கத் தெரியணும். பூட்டிட்டுச் சும்மா இருக்கத் தெரியணும்."

அடுத்த பாடம் அதுவாயிற்று. கடையில் மிஞ்சிய அட்டைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து முழங்கால்களுக்கு நடுவே செருகிக்கொள்வார். என் கையைப் பூட்டிய பிறகு பயிற்சியாளர் அந்த அட்டையைப் பிடித்து இழுப்பார். உருவிக்கொண்டு வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. என் தோளுக்கும் அவர் இடுப்புக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால், "இங்க பஸ்ஸே போகும்," என்று தன்னையே திட்டிக்கொண்டு விட்டுவிடுவார். நான் தட்டினாலும் திருப்தியில்லை. "வலிச்சுத் தட்டினீங்களா, பயந்து தட்டினீங்களா?" பயந்து என்றால் அதுவும் செல்லாது. ஒரு மழைக்காலம் போயிற்று. என் இடது முழங்கை அவரை எனக்கு முன்பே அடையாளம் கண்டுகொள்ள ஆரம்பித்தது.

பிறகு ஒரு நாள் அட்டை உருவிக்கொண்டு வரவில்லை. பயிற்சியாளர் காலைத் தரையில் ஊன்றி இழுத்தார். அட்டை பாதியாகக் கிழிந்துதான் வந்தது. நான் உள்ளே கிடந்தேன். வலி துளியும் இல்லை. போக இடமும் இல்லை. அவர் இடுப்பைத் தூக்கக்கூட இல்லை, மூச்சுதான் விட்டார். அந்த மூச்சிலேயே என் கை இம்மி இம்மியாக நீண்டது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம் என்கிற மாதிரியான பிடி. யோசித்து, தட்டினேன்.

எல்லாக் கூடத்துக்காரர்களும் வந்து கலந்து பழகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் ஹெல்மெட்டோடு அந்தக் கூரியர் பெண் நின்றாள். நேராகக் கண்ணாடிக்காவிடம் வந்தாள். வணக்கம்கூட இல்லை.

"அன்னிக்கு ஏன் விட்டீங்க?"

"கை போயிருக்கும்மா."

"போனா என் கை. அத நான் பாத்துக்குவேன். நீங்க போட்ட பிச்சைல நான் ஜெயிச்ச மாதிரி ஆயிடுச்சு. மெடலை வீட்டுல மாட்டவே இல்ல, தெரியுமா?"

கண்ணாடிக்காவின் முகத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. தன் கையிலிருந்து எல்லோரும் பிடுங்கியதை, தான் இன்னொருத்தி கையிலிருந்து பிடுங்கியிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"நீ சொல்றது சரிதான். தப்புதான். ஆனா பிச்சை இல்லம்மா. எனக்குப் பிடிக்கத் தெரியல. இப்பத் தெரியும். வா."

சுற்றி இருந்தவர்கள் உருளுவதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண் அன்றைக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணத்தில் வரவில்லை. கண்ணாடிக்காவை இரண்டு தடவை கவிழ்த்துப் போட்டாள். மூன்றாவது தடவை திரும்பும்போது முதுகு கிடைத்தது. கால்கள் மாட்டின. கழுத்தைக் காக்க அவள் கைகள் மேலே வந்தன. ஒரு கை முழங்கை மடிப்புக்குள் போயிற்று. இடுப்பு நகர்ந்தது, கால் முகத்தைத் தாண்டியது. சாய்ந்தது மட்டும் தெரியவே இல்லை, அவ்வளவு மெதுவாக.

அவள் உதைத்தாள், பாலம் போல வளைந்தாள், இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டாள். கண்ணாடிக்கா இழுக்கவில்லை. கோத்த கைகள் தாமாகக் களைக்கும்வரை காத்திருந்தார். நீட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு விரல்களும் காற்றில் சும்மா நின்றன. கோத்த கைகள் பிரிந்தன. கை நீண்டது. அதற்கு மேல் போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. கூரையைப் பார்த்தபடி இருவரும் கிடந்தார்கள். அவள் பல்லைக் கடித்திருந்தாள். மெல்ல, கடித்த பல் தளர்ந்தது. தன் கையையே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு தட்டு.

கண்ணாடிக்கா கால்களை எடுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். கலைந்த முடியை முடிந்துகொண்டார். அவள் கையை உதறிக்கொண்டு எழும்வரை பொறுத்தார். பிறகு மெத்தையில் அப்படியே திரும்பி, அவளுக்கு முன்னால் நகர்ந்து, தன் முதுகை அவள் நெஞ்சோடு ஒட்டி உட்கார்ந்து, பூட்டச் சொல்லி இடது கையைத் தூக்கி அவளிடம் கொடுத்தார்.