போனுக்கு வைத்த சந்தனப் பொட்டு

மில் ஃபோர்மேன் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனபின், சத்தம் எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடிக்க என்னைக் கூப்பிடுகிறார்கள். கருவி பெரிதாக ஒன்றுமில்லை. நான்கு பழைய ஸ்மார்ட்போன், ஒரு லேப்டாப். போன்களை நான்கு மூலையில் வைத்து ரெக்கார்டிங் போட்டு, நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுவேன். அந்தத் தட்டலை வைத்து நான்கு ரெக்கார்டிங்கையும் ஒன்றுசேர்க்கலாம். பிறகு, சத்தம் எந்த போனை முதலில் எட்டியது, எதைக் கடைசியில் எட்டியது என்று பார்த்தால் கிளம்பிய இடம் தெரிந்துவிடும்.

சோமனூர்ப் பக்கம் சரஸ்வதியக்காவுக்கு எட்டுத் தறி ஓடும் குடோன். ஒட்டினாற்போல் பழனிசாமி வீடு. பிரசவத்துக்கு வந்த அவர் மகளின் கைக்குழந்தை, சுவரில் விழும் 'டொக் டொக்' சத்தத்தில் தூங்குவதே இல்லை. இந்த வாரத்துக்குள் நிற்காவிட்டால் குடோனை மூடச்சொல்லி மனு கொடுப்பேன் என்றுவிட்டார் பழனிசாமி. இரண்டு வீட்டுக்கும் பேச்சே நின்றுபோயிருந்தது. தறிகளை ஒவ்வொன்றாக ஓட்டினால் சத்தம் வராது. எட்டும் சேர்ந்து ஓடினால்தான் வரும்.

நான் போனது ஆயுத பூஜை அன்று. பூஜை முடிந்து தறியைப் போட்டார்கள், நானும் ரெக்கார்டிங் போட்டேன். கணக்கு ஆறாம் தறியைக் காட்டியது. அதைப் பிரித்துப் போட்டுப் பார்த்தோம். ஒரு கோளாறும் இல்லை. என் முகத்தில் ஈயாடவில்லை.

போன்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பினேன். ஒன்றின் அடியில், சரியாக மைக் ஓட்டையின் மேல், காய்ந்த சந்தனம்.

"வேல செய்யற சாமானுங்களேன்னு நாந்தானுங்க பொட்டு வெச்சேன்," என்றார் அக்கா.

நான் பொரிகடலையில் மும்முரமாக இருந்தபோது போனுக்கும் பூஜை நடந்திருக்கிறது. அந்த ஒரு போனில் 'டொக்'கின் தொடக்கமே பதிவாகவில்லை, அதனால்தான் கணக்கு தப்பியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு சுத்தம் செய்து, ஆறாம் தறியை மாட்டி, மறுபடி போட்டேன். இந்த முறை எந்தத் தறியையும் காட்டவில்லை. கிழக்குச் சுவரின் உச்சியைக் காட்டியது. ஏணி வைத்து ஏறினால், கூரையைத் தாங்கும் இரும்பு கர்டரின் முனையில் வைத்த பேக்கிங் தேய்ந்து, எட்டுத் தறியும் சேர்ந்து அதிரும்போதெல்லாம் அந்த முனை பழனிசாமி வீட்டுச் சுவரை இடித்துக்கொண்டிருந்தது. ரப்பர் வைத்து இறுக்கினோம்.

சரிபார்க்க ஒரு போனைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கச்சொல்லி பழனிசாமியிடம் கொடுத்தேன். எட்டுத் தறியும் ஓடின. திரும்பி வந்த ரெக்கார்டிங்கை அக்கா ஹெட்போனில் கேட்டார். 'டொக்' இல்லை. குழந்தை சின்னதாகக் குறட்டை விட்டது. வேலை முடிந்தது என்று ஓடிக்கொண்டிருந்த ரெக்கார்டிங்கை நிறுத்தப்போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்தாதீங்க. இத்தன நாளா அந்தக் கொழந்த மூஞ்சியவே நான் பாக்குலீங்க."

போனைக் கொண்டுவந்து பக்கத்தில் நின்ற பழனிசாமிக்கும் அக்கா சொன்னது கேட்டது. "ஊட்டுக்கு வந்து பாரக்கா," என்றார்.

சத்தம் நின்றுவிட்டதென்று ரெக்கார்டிங்கை உடனே நிறுத்தக்கூடாது. அன்று முதல் நான் நிறுத்துவதில்லை.