மற்றவை நேரில்

போடியிலிருந்து பெரியம்மா எழுதும் கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் முடியும்: ‘மற்றவை நேரில்.’ நீல நிற இன்லேண்டு தாளில், மடித்து ஒட்டுகிற ஓரம் வரைக்கும் எழுதித் தள்ளிவிட்டு, கடைசியில் இப்படி ஒரு போடு. இத்தனை எழுதியும் இன்னும் என்ன மிச்சம் இருக்கும் என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம்.

கடமலைக்குண்டில் எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களைச் சத்தம் போட்டு வாசிப்பது என் உத்தியோகம். ஐந்தாம் வகுப்பில் நான் வாசிப்பில் கெட்டி. கணக்கில் எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. கடிதம் வந்துவிட்டால் அம்மா அரிவாள்மனையைச் சாய்த்து வைத்துவிட்டு உட்காருவாள். அடுத்த வீட்டிலிருந்து சின்னம்மா ஈரக் கையோடு வந்து நிற்பாள். யாருக்கு வளைகாப்பு, யார் வீட்டுப் பசு கன்று போட்டது, தேவாரத்தில் இருக்கும் மாமா யாரோடு பேச்சை முறித்துக்கொண்டார் என்று எல்லாம் அதில் இருக்கும். வாசிக்க வாசிக்க அம்மா ஊடே புகுந்து பழைய கதைகளை இழுப்பாள்.

“அவரா? சின்னதுல என் பங்குக் கருப்பட்டியவும் சேத்துத் தின்னுட்டு, எறும்பு தூக்கிட்டுப் போயிருச்சுன்னு சத்தியம் பண்ணுன ஆளுல்ல!”

“எத்தாத்தண்டி எறும்புன்னு கேக்க வேண்டியதுதானக்கா” என்பாள் சின்னம்மா.

சிரித்து முடித்ததும் நான் கடைசி வரியை வாசிப்பேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

“மற்றவைன்னா என்னம்மா?”

“மத்ததுதான்.”

“அதான், எது?”

“போயி சாணிய அள்ளிப் போடு, போ.”

கேட்ட கேள்விக்குச் சாணி பதிலாக வந்தால், அதில் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தத் தை மாதம் வந்த கடிதம் நாலே வரிதான். ‘நீ எழுதியது கண்டு ரொம்ப சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை நானும் உன் அத்தானும் வருகிறோம். உடம்பைப் பார்த்துக்கொள். மற்றவை நேரில்.’ ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னொன்று: ‘மூன்றாவதுக்குப் பாவாடை அளவு அனுப்பவும்.’

கடிதத்தை இன்னொரு தடவை வாசித்தேன். முதல் காரணம், அம்மா சொல்லச் சொல்லப் பதில் எழுதுவதும் நான்தான். நான் எழுதவே இல்லை. அப்படியானால் ‘நீ எழுதியது’ யார் எழுதியது? அப்பாவின் சட்டைப் பையில் புதிதாக ஒரு மைக்கறை இருந்தது. இரண்டாவது காரணம், வீட்டில் நாலு பிள்ளைகளில் மூன்றாவது நான்.

பெரியம்மாவுக்குப் பிள்ளை கிடையாது. போடி கடைவீதியில் பெரியப்பாவுக்கு ஏலக்காய்க் கடை. அந்த வீட்டுத் தலையணை கூட மணக்கும். அவ்வளவு மணக்கிற வீட்டில் விளையாட ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பெரியப்பா வந்ததும் வராததுமாக என்னைப் பிடித்துக்கொண்டார். “என்னத்தா, போடி ஒனக்குப் பிடிக்குமா? அங்கன வந்து நாலு நாளு இருக்கியா?” பிஸ்கட் பாக்கெட்டை வேறு நீட்டினார். பிஸ்கட்டை வாங்கிக்கொண்டேன். அடுப்படிப் பக்கம் நழுவினேன்.

அடுப்படியில் பெரியம்மாவும் அம்மாவும் தணிந்த குரலில் பேச ஆரம்பித்தார்கள். மற்றவை! பருத்தி மூட்டைக்குப் பின்னால் பதுங்கினேன்.

“கையெடுத்துக் கும்புடுறேன், எனக்குக் குடுத்துரு. கண்ணுக்குள்ள வச்சு வளப்பேன்.” இது பெரியம்மா.

அகப்பையைச் சட்டியில் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அம்மா சொன்னாள்: “அவுக சரின்னுட்டாக. எனக்குத்தான்க்கா... மனசு இன்னும் நெலைக்கு வரல. யோசிச்சுச் சொல்றேன்.”

அம்மா மாட்டேன் என்று சொல்லவில்லை. பருத்தி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே கழித்துப் பார்த்தேன். அண்ணன் இல்லாமல் அப்பாவுக்குக் கிணற்றில் கமலை மாடு ஓட்டித் தண்ணீர் இறைக்க ஆள் இல்லை. அக்கா இல்லாமல் அம்மாவுக்கு அடுப்பு எரியாது. தம்பி இன்னும் அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கவில்லை. மிஞ்சுவது பிஸ்கட் தின்றுகொண்டிருக்கும் ஒருத்தி. என் வாழ்நாளில் சரியாகப் போட்ட ஒரே கழித்தல் கணக்கு என்று அன்று நினைத்தேன்.

யாரும் விரும்பாத பிள்ளையாக மாறிவிடுவது ஒன்றே வழி. அதற்கு நான் அதிகம் பாடுபட வேண்டியிருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் பெரியப்பாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். கோழிக் குழம்பை முழங்கை வரை வழியவிட்டு நக்கினேன். எலும்பைக் கடித்து உறிஞ்சிய சத்தத்தில் வெளியே படுத்திருந்த நாய் எழுந்து உட்கார்ந்தது. இடது கையால் தலையைப் பறபறவென்று சொறிந்து, “பேனு பெரியப்பா, பிடிச்சா ஒரு படி தேறும்” என்றேன். அதற்கும் அவர் முகம் சுளிக்காததால் கடைசி அஸ்திரத்தை விட்டேன்.

“எனக்கு இன்னமும் பாயில ஒண்ணுக்குப் போற பழக்கம் இருக்கு.”

பெரியப்பாவுக்குப் புரை ஏறிவிட்டது. அம்மா அகப்பைக் காம்பால் முதுகில் ஒன்று வைத்தாள். “ஏண்டி இப்பிடி மானத்த வாங்குற? பொய்யிக்கா, இவ சொல்றது பொய்யி!” பாதிப் பொய்தான்.

பெரியம்மா மட்டும் அசரவில்லை. கை கழுவியதும் என்னை இழுத்து முன்னால் உட்காரவைத்து, சாயங்காலம் வரை பேன் பார்த்தாள். ஒவ்வொரு பேனாக நகத்தில் வைத்து நசுக்கினாள். இவ்வளவு அசிங்கத்தையும் சகிக்கிறாளே, நிச்சயம் கொண்டுபோய்விடுவாள் என்று முடிவே கட்டிவிட்டேன். ஆனால் கடைசி பஸ்ஸில் இருவர் மட்டும்தான் ஏறினார்கள். நான் தெருவில் இரண்டு குட்டிக்கரணம் போட்டேன்.

ஆடியில் எங்களுக்குத் தங்கச்சி பிறந்தாள். ஐப்பசியில் பெரியம்மா மறுபடி வந்தாள். இந்தத் தடவை வாடகைக் காரில். பையில் சின்னச் சின்னச் சட்டைகள், கிலுகிலுப்பை, ஒரு வெள்ளி அரைஞாண். எனக்கும் பாவாடை இருந்தது. அம்மா பாப்பாவைக் குளிப்பாட்டினாள், மை வைத்தாள், சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பெரியம்மாவின் மடியில் போட்டாள். அப்பா தோட்டத்துக்குப் போனவர் போனவர்தான். கார் கிளம்பியபோது புதுப் பாவாடையோடு பின்னாலேயே ஓடிக் கையாட்டினேன்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அவர்களுக்கு ஒரு பிள்ளை வேண்டியிருந்தது. நான் சாமர்த்தியமாகத் தப்பிவிட்டேன். பாவம், பாப்பாவுக்குக் கோழி எலும்பு உறிஞ்சத் தெரியவில்லை.

இந்த வெற்றியைச் சொல்லலாம் என்று கொல்லைக்குப் போனேன். அம்மா துவைகல்லைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சத்தம் வராமல் அழுதாள்.

“ஏம்மா அழுகுற? அதான் நான் போகலையே! இங்கனதான இருக்கேன்” என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். நான் போகாததற்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவள் ரவிக்கை முன்பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது. பாப்பாவின் வாய் வாடையோடு என் கன்னத்தில் வெதுவெதுப்பாக ஒட்டியது.

“குடத்த ஒழுங்காத் தூக்க மாட்டியாம்மா?” என்று கன்னத்தைப் புதுப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். அன்று எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர் எடுக்கப் போயிருக்கவில்லை.