நெருப்பு வேண்டாத வீடு

கோலெட் மிஷோவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா தெரிகிற ஊரில், பள்ளிக்கூடச் சமையலறையில் உழைத்துக் கை காய்த்துப்போனவள். அந்த ஊரில் குளிர்காலம் என்றால் விறகுதான். வெட்டுவது, அடுக்குவது, சுமப்பது, அடுப்பில் திணிப்பது, சாம்பல் அள்ளுவது. பெற்ற பிள்ளைகளுக்குச் சோறு போட்டதைவிட அந்த இரும்பு அடுப்புக்குத் தீனி போட்டதுதான் அதிகம் என்பாள். சிரித்துக்கொண்டே சொன்ன காலமும் உண்டு.

போன குளிர்காலத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. அவள் கணவன் வில்ஃப்ரிட், கை நிறைய விறகோடு கொட்டகைக்கும் கதவுக்கும் நடுவே பனியில் சரிந்து விழுந்தான். இதயக் கோளாறு. இனி பாரமே தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டித்து அனுப்பினார். வில்ஃப்ரிட்டும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே, அவள் வேலைக்குப் போனதும் திருட்டுத்தனமாகத் தூக்க ஆரம்பித்துவிட்டான். நிறைந்து கிடக்கும் விறகுப் பெட்டியைப் பார்த்து அவள் கத்தினால், "அதுவா நிறைஞ்சுதோ என்னவோ" என்பான்.

பள்ளி நர்ஸ், அப்பா விட்டுப்போன பணத்தில் புது வீடு கட்டியிருந்தாள். ஜனவரியில் கோலெட் அங்கே போனாள். முழங்கை நீளத்துக்குத் தடித்த சுவர், மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல், தெற்கிலிருந்து கொட்டும் வெயில். குளிக்கும் அறைக்கு வைப்பதுபோல் ஒரு சின்ன மின்சார ஹீட்டர், அவ்வளவுதான். வெளியே மூக்கு உறைந்து விழுகிற குளிரில், நர்ஸ் உள்ளே வெறுங்காலோடு நடமாடினாள். கோலெட்டுக்கு அந்தக் காலைவிட்டுக் கண் நகரவில்லை. வில்ஃப்ரிட் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் இப்படி ஒரு வீடு வேண்டும், அதுவும் அடுத்த குளிர்காலம் வருவதற்குள் வேண்டும் என்று முடிவு கட்டினாள். கொல்லை நிலத்தில் ஒரு மூலை போதும். நிலம் உறைவதற்குள் அஸ்திவாரம் போட்டுவிட்டால் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

வீடு கட்ட அவர்களுக்கு வேறு ஆள் ஏது? வில்ஃப்ரிட்டின் அக்கா மகன் லூசியன்தான். வந்து உட்கார்ந்து, அவள் சுட்டுப்போட்ட ப்ளாய் தோசைகளை வெண்ணெய் தடவிச் சுருட்டி விழுங்கியபடியே, நர்ஸ் வீட்டைப் பார்த்து அவள் போட்டு வைத்திருந்த வரைபடத்தைப் பார்த்தான்.

"என்ன அத்தை இது, வீடா ஐஸ் பெட்டியா? மாமா மூச்சு முட்டிச் செத்துருவாரு."

"விறகு தூக்கிச் சாகறதுக்கு அது தேவலை. கட்டுவியா மாட்டியா?"

"கட்டறேன். ஆனா பாருங்க, ரெண்டே வருஷத்துல 'லூசியன், ஒரு அடுப்பு வெச்சுக் குடுடா'ன்னு வந்து நிப்பீங்க."

சரி என்று போனவன், சுவரைத் தன் இஷ்டத்துக்குப் பாதியாக இளைக்கவைத்து மதிப்பீடு கொண்டுவந்தான். திருப்பி அனுப்பினாள். அடுத்த முறை சுவர் சரியாக இருந்தது, ஜன்னல் கண்ணாடியில் ஓர் அடுக்கு காணாமல் போயிருந்தது. இப்படியே வசந்தம் போயிற்று.

அடுத்தது வங்கி. கடன் அதிகாரி ஹேடன் தெற்கிலிருந்து வந்தவர், மரியாதை தெரிந்தவர். மரியாதையாகவே கழுத்தை அறுத்தார்.

"மேடம், இந்த வட்டாரத்துல இப்படி ஒரு வீடு வித்ததே இல்ல. வித்த வீட்டோட ஒப்பிட்டாத்தான் எங்களால மதிப்புப் போட முடியும்."

"நர்ஸ் வீடு இருக்கே."

"அவங்க விக்கலையே."

"கடன் குடுங்கன்னு கேக்கறதுக்காக அவளை வீட்டை விக்கச் சொல்லவா?"

ஹேடன் சிரிக்கவில்லை. தடித்த சுவருக்குத் தனி மதிப்பு கிடையாது என்றார். வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்ச் செலவே இல்லாததால் தவணையை ஒழுங்காகக் கட்டுவோமே என்று அவள் கேட்டதற்கு, அதைக் கணக்கில் சேர்க்க வழியில்லை என்றார். சாதாரண வீடு கட்டினால் இதைவிடக் கூடுதலாகவே கடன் தருவதாகவும் சொன்னார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"சூடு பண்ண முறையான ஏற்பாடு இல்லாத வீட்டை வீடாவே எடுத்துக்க மாட்டாங்க. ஒரு எண்ணெய் பாய்லர் வெச்சுருங்க, மறுபடி மதிப்பீட்டுக்கு அனுப்பறேன்."

பாய்லரே வேண்டாம் என்பதற்காகக் கட்டுகிற வீடு, பாய்லர் வைத்தால்தான் கிடைக்கும். கோலெட் காரில் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைக் கையால் குத்தினாள். வலித்ததுதான் மிச்சம்.

லூசியனுக்கோ ஏக சந்தோஷம். "நான் அப்பவே சொல்லலை? பாய்லருக்கு ஒரு ரூம், ஒரு புகைபோக்கி. அந்தச் செலவைச் சுவர்ல குறைச்சுக்கலாம்."

"சுவரைக் குறைச்சா பாய்லர் எரிய விடணுமே!"

"அதுக்குத்தானே பாய்லர்."

அவனை அறைந்தால் தேவலை என்றிருந்தது. பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு வந்தால் படுப்பதற்கென்று வரைபடத்தில் வைத்திருந்த அறையைப் பென்சிலால் அடித்துவிட்டுப் பாய்லருக்கு ஒதுக்கினாள்.

"பிள்ளைங்க எங்க படுப்பாங்க?" என்றான் லூசியன்.

"பாய்லர் ரூம்ல. பாய்லர் எப்படியும் சும்மாத்தானே நிக்கப்போகுது."

மறுமதிப்பீட்டுக்கு ஆள் வரவேண்டும். அந்த ஜில்லாவுக்கே ஒரே ஒரு மதிப்பீட்டாளர், கோடை முழுக்க அவருக்கு ஏரிக்கரை வீடுகள். அப்புறம் உருளைக்கிழங்கு அறுவடை வந்தது. பள்ளிக்கூடமே மூடிக்கொள்ளும் நேரம், லூசியனும் கிழங்கு லாரி ஓட்டப் போய்விட்டான். அறுவடை முடிந்தால் மதிப்பீட்டாளர் மான் வேட்டைக்குக் காட்டுக்குள் போய்விட்டார். கோலெட் வாரம் தவறாமல் வங்கிக்குப் போன் போட்டாள். ஹேடன் வாரம் தவறாமல் மரியாதையாகப் பேசினார்.

நவம்பர் நடுவில் அழைப்பு வந்தது. கடன் கிடைத்துவிட்டது. சுவர் முழுத் தடிமனில், ஜன்னல் மூன்றடுக்கில், அவள் கேட்டதெல்லாம் அப்படியே. அவள் வங்கியிலிருந்து நேராக நிலத்துக்குப் போய் லூசியனை வரவழைத்தாள். அவன் கடப்பாரையை ஓங்கிக் குத்தினான். ணங்கென்று தெறித்தது. இன்னோர் இடத்தில் குத்தினான். அங்கேயும் அப்படித்தான்.

"இறுகிப்போச்சு அத்தை. இனி மே மாசம்தான்." முதல் தடவையாக அவன் குரலில் கேலி இல்லை. "ஒரு பத்து நாள் முன்னாடி சொல்லியிருந்தாக்கூட தோண்டியிருப்பேன்."

அவள் வீட்டுக்கு வந்தபோது கொட்டகை வாசலில் வில்ஃப்ரிட் நின்றிருந்தான். கை நிறைய விறகு, வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பிடிபட்டதில் கொஞ்சம் வெட்கப்பட்டான்.

"கடன் குடுத்தானா?"

"குடுத்துட்டான்."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"நிலம் உறைஞ்சுபோச்சு, வில்ஃப்ரிட்."

அவன் கொல்லைப் பக்கம் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். அவள் கத்துவாள் என்று காத்திருந்தவன்போல் நின்றான். அவளுக்குக் கத்த வரவில்லை. அவன் கையிலிருந்து பாதி விறகை வாங்கித் தன் கையில் அடுக்கிக்கொண்டாள். மீதியையும் கேட்டாள், அவன் தரவில்லை.

"கதவைத் திற," என்றான், "கை வலிக்குது."

அவள் முழங்கையால் கதவைத் தள்ளித் திறந்து, அவன் முதலில் உள்ளே போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.